காய்ச்சுவது ஒரு வேலையா, மூன்றா? அலகுச் செயல்பாடுகளுக்குப் பெயர் வைக்கும் முறை

பால் காய்ச்சுகிறோம். கருப்பட்டி காய்ச்சுகிறோம். கிராம்பிலிருந்து எண்ணெய் காய்ச்சி எடுக்கிறார்கள். கள்ளச்சாராயமும் காய்ச்சத்தான் படுகிறது. நான்கிலும் அடுப்பு உண்டு, பாத்திரம் உண்டு, ஆவியும் எழும்புகிறது. ஆனால் ஒரு வேதிப் பொறியாளரைக் கூட்டிவந்து நான்கு அடுப்புகளையும் காட்டினால் அவர் மூன்று வெவ்வேறு பெயர்களைச் சொல்வார். அதே மனிதர், அடுப்பே இல்லாத, குமரி மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்தையும் கருப்பட்டி அடுப்பையும் ஒரே பெயருக்குள் அடக்கிவிடுவார்.

என் அக்காள் மகன் வேதிப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவனுடைய நோட்டில் ‘காய்ச்சி வடித்தல்: உதாரணம் கருப்பட்டி’ என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். தவறுதான். ஆனால் அவனைக் குறைசொல்ல மனம் வரவில்லை. நம் பேச்சு வழக்கு, கை செய்வதைப் பார்த்துப் பெயர் வைக்கிறது. பொறியியல், பாத்திரத்துக்குள் நடப்பதைப் பார்த்துப் பெயர் வைக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில்தான் குழப்பம் பிறக்கிறது. ‘கெமிக்கல் என்ஜினியரிங் என்றால் மருந்து கலக்கும் படிப்புதானே’ என்று ஊரில் கேட்பவர்களுக்கும் சேர்த்தே இந்த விளக்கம்.

ஆக்குப்புரையிலிருந்து தொடங்குவோம்

நாஞ்சில் நாட்டுக் கல்யாண வீட்டு ஆக்குப்புரையில் அவியல், எரிசேரி, சாம்பார், இரண்டு வகைப் பாயசம் என்று ஒரே இரவில் பத்துப் பதினைந்து பண்டங்கள் அடுப்பிலிருந்து இறங்கும். சமையல்காரர் அவை ஒவ்வொன்றையும் தனித்தனித் தொழிலாகப் படித்தவர் அல்ல. நறுக்குதல், அரைத்தல், வேகவைத்தல், வற்றவைத்தல், வறுத்தல், தாளித்தல் என்று அவர் கைவசம் இருப்பவை பத்துக்குள் அடங்கும். அவியலுக்குத் தேங்காய் அரைப்பதும் தீயலுக்கு அரைப்பதும் ஒரே கைதான். பக்குவம் மட்டும் வேறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேதித் தொழில்கள் இப்படிப் பார்க்கப்படவில்லை. சோப்புக்காரருக்குச் சோப்பு தெரியும், சர்க்கரை ஆலைக்காரருக்குச் சர்க்கரை தெரியும், சோடா போன்ற காரம் (ஆல்கலி) தயாரிப்பவருக்குக் காரம் தெரியும். ஒருவர் மற்றவருக்கு அந்நியர். இங்கிலாந்தில் காரத் தொழிற்சாலைகளின் ஆய்வாளராக இருந்த ஜார்ஜ் டேவிஸ் பல ஆலைகளுக்குள் நுழைந்து பார்த்தவர். எல்லா இடத்திலும் அதே வடிகட்டல், அதே உலர்த்தல், அதே பொடித்தல்தான் நடக்கிறது என்பது அவர் கண்ணில் பட்டது. 1887இல் மான்செஸ்டரில் அவர் ஆற்றிய பன்னிரண்டு சொற்பொழிவுகள் தொழில்வாரியாக அல்லாமல் செயல்வாரியாக அமைந்தன. 1901இல் அதையே கையேடாகவும் வெளியிட்டார்.

பெயர் வைத்தவர் வேறொருவர். அமெரிக்காவின் ஆர்தர் டி. லிட்டில், 1915இல் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்துக்கு அளித்த அறிக்கையில் இந்தச் செயல்களை ‘யூனிட் ஆபரேஷன்’ என்று குறித்தார். எந்த வேதித் தயாரிப்பையும், அது எந்த அளவில் நடந்தாலும், இத்தகைய சில செயல்களின் வரிசையாகப் பிரித்துவிடலாம். அவற்றின் எண்ணிக்கையும் பெரிதல்ல என்பது அவர் வாதம். 1923இல் வாக்கர், லூயிஸ், மெக்காடம்ஸ் மூவரும் எழுதிய பாடநூல் அதைக் கணக்குப் போடக்கூடிய பாடமாக மாற்றியது.

தமிழில் இதை ‘அலகுச் செயல்பாடு’ என்று சொல்லலாம். பொருளின் வேதி இயல்பை மாற்றாமல் அதன் நிலையையோ வெப்பத்தையோ செறிவையோ அளவையோ இருப்பிடத்தையோ மாற்றுகிற ஓர் அடிப்படைச் செயல் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம்.

‘யூனிட்’ என்றால் இயந்திரம் அல்ல

ஆலையில் வேலை செய்தவர்களுக்கு இந்தச் சொல்லே ஒரு தடுக்கல். ‘மூன்றாவது யூனிட் நின்றுவிட்டது’ என்றால் அங்கே ஓர் இயந்திரத் தொகுதியைக் குறிக்கிறது. அந்தப் பழக்கத்தில், ஓர் இயந்திரத்துக்கு ஒரு யூனிட் ஆபரேஷன் என்று நினைத்துவிடுகிறார்கள். லிட்டில் சொன்ன யூனிட் வேறு: இதற்கு மேல் பிரித்தால் பொருளில்லை என்கிற ஒற்றைச் செயல்.

கொப்பரை முற்றத்து வெயிலில் காய்கிறது. ரப்பர் ஷீட் புகைப்புரையில் காய்கிறது. முந்திரிப் பருப்பு, நம் ஊரில் அண்டி ஆபீஸ் என்று சொல்கிற ஆலையின் போர்மா என்ற சூட்டறைக்குள் காய்கிறது. மூன்று இடம், மூன்று கருவி, செயல் ஒன்றே: உலர்த்தல். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால், கிராம்பெண்ணெய் எடுக்கும் ஒரே வாலைக்குள் (காய்ச்சி வடிக்கும் கலத்துக்குள்) நாலைந்து செயல்பாடுகள் ஒளிந்திருக்கின்றன. அதை அடுத்துப் பார்ப்போம்.

ஒரே ஆவி, வெவ்வேறு பெயர்

ஒரு செயலுக்குப் பெயர் வைக்குமுன் நான் கேட்டுக்கொள்வது இவை: எது எதிலிருந்து பிரிகிறது? எந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு பிரிக்கிறோம்? கடைசியில் நமக்கு வேண்டியது எது, மேலே போனதா கீழே நின்றதா? மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என் மருமகன் சறுக்கியதும் அங்கேதான்.

பதநீரை எடுத்துக்கொள்வோம். குமரி மாவட்டத்தின் மேற்கே அதற்கு அக்கானி என்று பெயர். எடைக்கு நூற்றுக்குச் சுமார் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. மீதி ஏறக்குறைய எல்லாமே நீர். அடுப்பில் வைத்தால் நீர் ஆவியாகிறது, சர்க்கரை ஆவியாவதில்லை. நமக்கு வேண்டியது கீழே நிற்கிற பாகு. ஆவியைப் பற்றிக் கவலையே இல்லை, ஓலைக்கூரை வழியாகப் போய்விடட்டும். இதன் பெயர் ஆவியாக்கல்: ஆவியாகாத பொருள் கரைந்துள்ள நீர்மத்திலிருந்து நீரை விரட்டிச் செறிவூட்டுவது.

இதில் கொஞ்சம் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். நூறு கிலோ அக்கானியைக் கருப்பட்டியாக்க ஏறத்தாழ 86 கிலோ நீர் வெளியேற வேண்டும். நூறு கிலோவையும் 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகச் சுமார் 29,000 கிலோஜூல் வெப்பம் போதும். ஆனால் கொதிக்கும் நீரில் ஒரு கிலோவை ஆவியாக்க மட்டும் 2,260 கிலோஜூல் தேவை. 86 கிலோவுக்கு ஒரு லட்சத்துத் தொண்ணூற்று நான்காயிரம் ஆகிறது. கொதிக்கவைக்கும் செலவைப் போல ஆறரை மடங்கு, கொதித்த பிறகு. கருப்பட்டி அடுப்பில் விறகு ஏன் அப்படித் தின்னுகிறது என்பதற்கு விடை இதுதான். பால் காய்ச்சுவது வெறும் வெப்பப்படுத்தல், கருப்பட்டி காய்ச்சுவது ஆவியாக்கல் என்று பிரித்துச் சொல்வது சொல் விளையாட்டல்ல. விறகுக் கட்டு எத்தனை என்பதே அந்தப் பிரிவில் இருக்கிறது.

இப்போது கிராம்புக்கு வருவோம். மாறாமலை போன்ற மலைத்தோட்டங்களில் விளையும் கன்னியாகுமரி கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிராம்பெண்ணெயின் முக்கியக் கூறான யூஜினால் தனியாகக் கொதிக்க 254 டிகிரி வேண்டும். அத்தனை சூட்டுக்குப் போனால் வாசனை கெட்டுவிடும். ஆகவே மொட்டுகளின் வழியே நீராவியைச் செலுத்துகிறார்கள். நீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலப்பதில்லை; அதனால் இரண்டின் ஆவியழுத்தமும் கூடிச்சேர்ந்து 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கலவை ஆவியாகிக் கிளம்புகிறது. குளிர்ந்த குழாயில் அது மீண்டும் நீர்மமாகிறது. நமக்கு வேண்டியது இங்கே மேலே போனதுதான். எனவே இது காய்ச்சி வடித்தல், இன்னும் சரியாகச் சொன்னால் நீராவி வடித்தல். அப்படிக் குளிர்வித்துப் பிடிப்பது ஆவி சுருக்கல். கலத்தில் எண்ணெயும் நீரும் இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்பது தெளியவைத்தல். பெரும்பாலான வாசனை எண்ணெய்கள் நீரில் மிதக்கும். கிராம்பெண்ணெய் நீரைவிடக் கனமானது, அடியில் தங்கும். மேலே தேடுகிறவர் ஏமாந்துபோவார்.

சாராயமும் வடித்தல்தான். ஆல்கஹால் 78 டிகிரியிலும் நீர் 100 டிகிரியிலும் கொதிப்பவை. எளிதில் ஆவியாகும் தன்மையில் இருக்கிற வேறுபாடே கைப்பிடி. இரண்டும் ஆவியாகக்கூடியவை என்பதால் மேலே போவதில் நீரும் கலந்துதான் வரும். ஆல்கஹாலின் பங்குதான் கூடும்.

அடுப்பில்லாத உப்பளம் எப்படிக் கருப்பட்டியோடு சேர்ந்தது? ஆவியாக்கலுக்குக் கொதி தேவையில்லை. வெயிலும் காற்றும் போதும். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு. பாத்தியில் நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பு வகைகளும் ஜிப்சமும் படியும். கடல்நீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய பிறகே சமையலுப்பு மணிமணியாக இறங்கத் தொடங்கும். கரைசல் தாங்காத அளவுக்குச் செறிந்ததும் கரைந்த பொருள் ஒழுங்கான திண்மமாக வெளியேறுகிறதே, அதன் பெயர் படிகமாக்கல். கடைசியில் மிஞ்சும் மக்னீசியக் கசப்பு நீரை வடித்துவிடாமல் மேலும் வற்றவிட்டால் உப்பு கசக்கும். ஆக உப்பளத்தில் ஆவியாக்கலும் படிகமாக்கலும் அடுத்தடுத்து நடக்கின்றன. பனங்கற்கண்டிலும் அதே ஜோடிதான். கருப்பட்டியோ படிகத்துக்குக் காத்திருக்காமல் சிரட்டையில் மொத்தமாக உறைந்துவிடுகிறது.

கொப்பரை காய்வதிலும் நீர்தான் ஆவியாகிறது. ஆனாலும் அதை ஆவியாக்கல் என்று சொல்வதில்லை. அங்கே நீர்மம் இல்லை. திண்மத்துக்குள் ஈரம் இருக்கிறது. மேற்பரப்பு ஈரம் முதலில் சட்டெனப் போய்விடும். அதன் பிறகு உள்ளிருக்கும் ஈரம் தேங்காயின் சதை வழியாக ஊர்ந்து வெளியே வரவேண்டும். முதல் நாள் வேகமாகக் காய்ந்த கொப்பரை அப்புறம் இழுத்தடிப்பது அதனால்தான். வெயிலை எவ்வளவு கூட்டினாலும் உள்ளே ஊரும் வேகம் அந்த அளவுக்குக் கூடாது. தடை இருக்கும் இடம் மாறுகிறது, அதனால் பெயரும் மாறுகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஆவி எழுகிறது என்பதால் மட்டும் பெயர் கிடைத்துவிடாது. நீர்மத்திலிருந்து நீர் போய், நின்றது நமக்கு வேண்டுமானால் ஆவியாக்கல். போனது வேண்டுமானால் வடித்தல். திண்மத்திலிருந்து ஈரம் போனால் உலர்த்தல்.

மணவாளக்குறிச்சி மணல்

இந்தப் பாடத்துக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சி மணல் ஆலையைவிட நல்ல வகுப்பறை கிடையாது. கன்னியாகுமரிக் கடற்கரையில் பல நிற மணலைப் பொட்டலம் கட்டி விற்பார்கள். நடக்காமல்போன அம்மன் கல்யாணத்துக்கு வைத்திருந்த அரிசிதான் மணலாகிவிட்டது என்று கதை. கதை கிடக்கட்டும், நிறம் உண்மை. கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், இடையிடையே ரூட்டைல், சிர்கான், சில்லிமனைட், மோனசைட். 1909இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அன்றைக்கு அதன் மதிப்பு, அதிலுள்ள தோரியத்தால் செய்யும் விளக்கு மேண்டிலுக்காக. கடற்கரையில் மணல் அள்ளலாமா என்பது பெரிய வழக்கு. அதை இங்கே இழுக்கவில்லை. பிரிக்கும் வேலையை மட்டும் பார்ப்போம்.

எல்லாம் மணல், எல்லாம் திண்மம், பருமனும் ஏறக்குறைய ஒன்று. சல்லடை இங்கே உதவாது. எந்த வேறுபாட்டைப் பிடிப்பது?

முதலில் அடர்த்தி. சாதாரண வெள்ளை மணலான குவார்ட்சின் அடர்த்தி நீரைப்போல 2.65 மடங்கு, இல்மனைட்டுக்கு 4.7 அளவில். மணலை நீரில் கலந்து, திருகுபோல் சுற்றிச் சுற்றி இறங்கும் தொட்டியில் விடுகிறார்கள். இலேசான குவார்ட்ஸ் வெளி விளிம்புக்கு ஒதுங்குகிறது, கனமானவை உள்விளிம்பை ஒட்டி ஊர்ந்து இறங்குகின்றன. இது ஈர்ப்பு வழிப் பிரிப்பு. அலை திரும்பிய பிறகு கரையில் கறுப்பு வரி விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே, கடலும் இதே வேலையைத்தான் செய்கிறது.

அடுத்து மின்கடத்தும் தன்மை. அதற்குமுன் மணலை நன்றாக உலர்த்தியாக வேண்டும். மேலே நீர்ப்படலம் இருந்தால் எல்லா மணியும் மின்சாரம் கடத்தி ஆளை ஏமாற்றிவிடும். காய்ந்த மணல் சுழலும் உலோக உருளையின்மேல் விழும்போது உயர் மின்னழுத்தத்தால் மின்னேற்றப்படுகிறது. கடத்தும் மணி தன் மின்னூட்டத்தை உருளைக்குக் கொடுத்துவிட்டுத் தூக்கி எறியப்படுகிறது. கடத்தாத மணி உருளையோடு ஒட்டிக்கொண்டு மறுபக்கம் வந்து, தூரிகையால் துடைக்கப்பட்டு விழுகிறது. இல்மனைட்டும் ரூட்டைலும் கடத்தும் பக்கம். மற்றவை கடத்தாத பக்கம்.

பிறகு காந்தம். கடத்தும் இரண்டில் இல்மனைட்டைக் காந்தம் இழுக்கும், ரூட்டைலை இழுக்காது. அந்த ஜோடி பிரிந்துவிட்டது. கடத்தாதவற்றில் கார்னெட்டையும் மோனசைட்டையும் வலிமையான காந்தம் இழுக்கும். சிர்கானும் சில்லிமனைட்டும் அசையாது. இந்த இரண்டையும் பிரிக்க நீரில் நுரையெழுப்பி, ஒன்றின் மணிகள் மட்டும் குமிழியில் ஒட்டி மிதக்குமாறு செய்யும் நுரைமிதப்பு கைகொடுக்கிறது. அங்கே பிடித்தது மேற்பரப்பு நனையும் தன்மையை.

கருவியின் பெயரையோ மணலின் பெயரையோ மனப்பாடம் செய்யாமல், ‘இவை எதில் வேறுபடுகின்றன’ என்று மட்டும் கேட்டுக்கொண்டே வந்தால் ஆலையின் வரிசை தானாக விரிகிறது. நான் மருமகனிடம் சொன்னதும் இதுதான்: பிரிக்கும் செயலுக்குப் பெயர், பிடித்த வேறுபாட்டிலிருந்து வருகிறது.

எது செயல்பாடு, எது வினை

மணவாளக்குறிச்சியில் விவரித்த அத்தனை பிரிப்பிலும் ஒரு மணியின் வேதி இயல்புகூட மாறவில்லை. உள்ளே மோனசைட்டாகப் போனது மோனசைட்டாகவே வெளியே வந்தது. கேரளத்தின் ஆலுவாவில் 1952இல் தொடங்கிய ஆலை, மோனசைட்டைச் சூடான எரிசோடாவோடு (சோடியம் ஹைட்ராக்சைடோடு) வினைபுரிய வைத்தது. பாஸ்பேட்டாக இருந்த அருமண்கள் (ரேர் எர்த் உலோகங்கள்) ஹைட்ராக்சைடாக மாறின. அங்கே பொருளே வேறாகிவிட்டது. இதற்கு ‘யூனிட் பிராசஸ்’ என்று பெயர். இந்தப் பிரிவு 1930களில் பாடநூல்களில் நிலைபெற்றது. தமிழில் பலர் இரண்டையும் ‘அலகுச் செயல்முறை’ என்றே எழுதிவிடுவதால் மாணவர் பாடு திண்டாட்டம். நான் முதலாவதை அலகுச் செயல்பாடு என்றும் இரண்டாவதை அலகு வினை என்றும் எழுதுகிறேன். தேங்காயெண்ணெயை ஆட்டி வடிகட்டுவது செயல்பாடு. அதே எண்ணெயைக் காரத்தோடு சேர்த்துச் சோப்பாக்குவது வினை. அக்கானிப் பானையில் சுண்ணாம்பு தடவுவது வினையைத் தடுக்க; தடவாவிட்டால் நுண்ணுயிர்கள் சர்க்கரையை ஆல்கஹாலாக்கிக் கள்ளாக்கிவிடும்.

கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருக்காது. லிட்டில் தந்த பட்டியலிலேயே மின்பகுப்பும் இருந்தது. அது வினையில்லாமல் வேறென்ன? நம் ஊர் உதாரணம் ரப்பர். ரப்பர் பாலை வடிகட்டி, நீர் சேர்த்து, பார்மிக் அமிலம் விட்டால் உறைகிறது. அமிலம் விட்டதால் வினை என்று மருமகன் எழுதுவான். பாலில் ரப்பர்த் துகள்களைச் சுற்றிப் புரதப் போர்வை இருக்கிறது. அதன் எதிர்மின்னூட்டத்தால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. அமிலம் அந்த மின்னூட்டத்தைக் குலைக்கிறது, துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. ரப்பர் மூலக்கூறு மாறவே இல்லை. எனவே உறையவைத்தலை நான் செயல்பாட்டுப் பக்கமே வைப்பேன். சிலர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். பிறகு ரோலரில் ஷீட் அடித்துப் புகைப்புரையில் உலர்த்துவது சந்தேகமில்லாத செயல்பாடுகள். அந்த ஷீட் டயர் ஆலைக்குப் போய்க் கந்தகத்தோடு சூடாகி, மூலக்கூறுகளுக்கிடையே பாலம் போட்டுக்கொள்ளும்போதுதான் உண்மையான வினை. அதை 1839இல் கண்டவர் சார்லஸ் குட்இயர்.

பிறகு வகைப்படுத்தல்

பெயர் வைத்த பிறகு கூடைகளில் போடவேண்டும். வழக்கமாக நான்கு கூடைகள். பாய்மம் (நீர்மமோ வாயுவோ) ஓடுவது, பம்ப், படியவிடுதல், வடிகட்டல் முதலியவை உந்தப் பெயர்ச்சி. சூடாக்கல், குளிர்வித்தல், ஆவியாக்கல் முதலியவை வெப்பப் பெயர்ச்சி. ஒரு பொருள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு, செறிவு வேறுபாட்டால் நகர்வது பொருண்மைப் பெயர்ச்சி; வடித்தலும் உலர்த்தலும், திண்மத்திலிருந்து வேண்டியதை நீர்மத்தில் கரைத்தெடுக்கும் கரைத்து இறக்கலும் இங்கே வரும். பொடித்தல், சலித்தல் போன்றவை இயந்திரச் செயல்பாடுகள். அண்டி ஆபீஸில் முழுப்பருப்பை 240, 320 என்று தரம் பிரிப்பதும் இந்தக் கடைசிக் கூடைதான். எண் என்பது ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய எத்தனை பருப்பு என்பது.

முதல் மூன்றும் உள்ளுக்குள் ஒரே குடும்பம். நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, வெப்பம் சூட்டிலிருந்து குளிருக்கு, ஈரம் நிறைந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு. வேறுபாடு கூடினால் வேகம் கூடும், தடை கூடினால் குறையும். 1960இல் பேர்ட், ஸ்டூவர்ட், லைட்ஃபுட் எழுதிய பாடநூல் இந்த ஒற்றுமையையே அடித்தளமாக்கியது.

கூடைகள் ஒன்றையொன்று தழுவும். புகைப்புரையில் வெப்பம் ஷீட்டுக்குள் போகிறது, ஈரம் வெளியே வருகிறது. இரண்டு கூடையிலும் ஒரே நேரத்தில் கால். அப்போது எது வேகத்தைக் கட்டுப்படுத்துகிறதோ, எது நம் நோக்கமோ, அதில் போடுவது வழக்கம்.

மார்த்தாண்டத்தில் ஒரு சாயா

சென்ற மாதம் மார்த்தாண்டத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது மருமகனிடம் நோட்டைக் கொடுத்து, சாயாக்கடையைப் பார்த்து எழுதச் சொன்னேன். பாய்லரில் நீர்: வெப்பப் பெயர்ச்சி. துணிப்பையில் இருக்கும் தூளின்மேல் வெந்நீர்: கரைத்து இறக்கல். பை துணி என்பதால் கூடவே வடிகட்டல். சர்க்கரை: கரைத்தல், கலத்தல். இதுவரை சரி. கடைக்காரர் கையை உயரத் தூக்கி, நீண்ட கயிறுபோல் சாயாவைக் குவளைக்கும் கிளாசுக்குமாக ஆற்றினார். அவன் ‘வெப்பப் பெயர்ச்சி’ என்று எழுதினான். நீர் ஆவியாகும்போதுதானே சூட்டையும் எடுத்துப் போகிறது, பொருண்மைப் பெயர்ச்சியும் உண்டு என்றேன் நான். ஆலைகளில் வெந்நீரைக் குளிர்விக்கும் கோபுரத்திலும் அதுதானே நடக்கிறது என்று இழுத்தேன். விவாதம் நீண்டது.

கடைசியில் அவனே கேட்டுவிட்டான்: “அண்ணே, எதற்காக இவ்வளவு உயரத்திலிருந்து ஆற்றுகிறீர்கள்?”

“நுரை வருவதற்குத்தான்,” என்றார் அவர், கிளாசை நீட்டியபடி.

மருமகன் எழுதியதை அடித்துவிட்டு, ‘வாயுவை நீர்மத்தில் கலத்தல்’ என்று எழுதினான்.